ஐம்பதில் தறி: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வயதைச் சுற்றி வந்திருக்கின்றன. செல்லூர், வண்டியூர், கைத்தறி நகர், பரமக்குடி என்று ஊர்தான் வேறு. எழுதியவர்கள் ஐம்பதைத் தொட்டவர்கள், இல்லையென்றால் அடுத்த சில மாதங்களில் தொடப்போகிறவர்கள். பதினைந்து வயதில் தறிக்குழியில் கால் வைத்தவருக்கு ஐம்பது என்றால் முப்பத்தைந்து வருஷ நெசவு. கைக்கு எல்லாம் தெரியும். கண்ணும் முட்டியும் தோளும்தான் மெல்ல மாறுகின்றன. இத்தனை வருஷமும் தறிக்கு ஏற்றபடி உடம்பை வளைத்தாகிவிட்டது. இனி உடம்புக்கு ஏற்றபடி தறியைத் திருத்த வேண்டும். அது முடியுமா, எப்படி என்பதைக் கேட்ட கடிதங்களை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: 80-ஆம் நம்பர் பாவில் (தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளில்) விளக்கில்லாமல் இழை எடுத்தவன் நான். இப்போது அறுந்த இழை எந்த விழுதில் (பாவிழை நுழையும் கண்ணியில்) சேர வேண்டும் என்றே தெரியவில்லை. கடையில் ஒரு கண்ணாடி வாங்கினேன். பேப்பர் தெரிகிறது, பாவு தெரியவில்லை. ஆவணி வந்தால் 50 முடிகிறது. மெல்லிய நூலை விட்டுவிட வேண்டியதுதானா?
– வாசகர், செல்லூர்

பதில்: விட வேண்டாம் ஐயா. உங்களுக்கு வந்திருப்பது வெள்ளெழுத்து. நாற்பதுக்கு மேல் எல்லாருக்கும் வருவது. கடைக்கண்ணாடி உதவாததற்குக் காரணம் தூரம். படிக்கும் கண்ணாடி சுமார் 40 சென்டிமீட்டர் தூரத்துக்கு அளந்தது. தறியில் உட்கார்ந்தால் உங்கள் கண்ணுக்கும் கடைசி ஊடைக்கும் (பாவுக்குக் குறுக்கே போடும் இழைக்கும்) நடுவே 50 முதல் 60 சென்டிமீட்டர் இருக்கும். விழுது அதற்கும் அப்பால், 75-ஐத் தாண்டிவிடும். அந்தக் கண்ணாடியில் தெரிய வேண்டுமானால் நீங்கள் குனிய வேண்டும். நாள் முழுக்கக் குனிந்தால் கழுத்து போய்விடும்.

இப்படிச் செய்யுங்கள். தறியில் வழக்கம்போல் நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு நூலின் முனையைக் கண்ணோரத்தில் பிடித்துக்கொண்டு, வீட்டில் ஒருவரை மறுமுனையை இழுக்கச் சொல்லுங்கள். கடைசி ஊடை நிற்கும் இடத்தில் ஒரு முடிச்சு, அச்சு (ஊடையை அடித்து நெருக்கும் சீப்பு) பின்னால் போய் நிற்கும் இடத்தில் ஒரு முடிச்சு, விழுதில் ஒரு முடிச்சு. அந்த நூலைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக் கண் மருத்துவரிடம் கொண்டுபோய், “எனக்கு இந்த மூன்று இடமும் தெரிய வேண்டும்” என்று நீட்டுங்கள். வாயால் சொல்வதைவிட அவருக்கு அது நன்றாகப் புரியும். தறிக்கென்று தனியாக, ஒரே பவர் உள்ள கண்ணாடி எழுதித் தரக் கேளுங்கள். மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு பவர் உள்ள கண்ணாடி தெருவில் நடக்கச் சரி. தறியில் அதன் கீழ்ப்பாதி வழியாகப் பாவைப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டியிருக்கும்.

கண்ணாடி போடுவதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்கள் நம்மில் உண்டு. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயது தாண்டிய தொழிலாளர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துச் செய்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலை, போடாதவர்கள் பறித்ததைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. இலை பறிக்கவே அவ்வளவு வித்தியாசம் என்றால், இழை எடுக்கும் தொழிலுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு வெளியூர் போகவும் வேண்டாம். 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை மதுரையிலேயே இருக்கிறது. அதை நிறுவிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் அந்தக் கையாலேயே கண் அறுவை செய்தவர். மருத்துவமனையைத் தொடங்கும்போது அவருக்கு வயது 58.

வெளிச்சம் அடுத்த விஷயம். பெரும்பாலான தறி வீடுகளில் விளக்கு முதுகுக்குப் பின்னால் சுவரில் இருக்கிறது. நெய்பவரின் தலை நிழல் நேராகத் துணி மேல் விழுகிறது. 10 வாட் வெள்ளை எல்இடி ஒன்றை அச்சுக்கு மேலே, சற்று இடது புறமாக, கண்ணில் நேரே அடிக்காதபடி ஒரு மறைப்போடு தொங்கவிடுங்கள். தினம் 10 மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு 6 யூனிட். கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம் இருக்கும்போது இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். மஞ்சள் விளக்கு வேண்டாம், அதில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். கறுப்பு, அரக்குப் பாவு என்றால் பாவுக்கு அடியில் பழைய வெள்ளை வேட்டியை விரியுங்கள். வெள்ளைப் பாவு என்றால் அடியில் கறுப்புத் துணி. இழைகள் தனித்தனியாக எழுந்து நிற்பதுபோல் தெரியும்.

புதுக் கண்ணாடியும் நல்ல விளக்கும் வந்த பிறகும் விளக்கைச் சுற்றி வட்டம் தெரிந்தாலோ, நிறங்கள் மங்கலாக இருந்தாலோ அது புரையாக இருக்கலாம். சர்க்கரை இருப்பவர்கள் வருஷம் ஒரு முறை விழித்திரையைக் காட்டிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: இடுப்பு வலிக்குக் காட்டியதில், அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். அப்படியே செய்கிறேன். ஆனால் எழுந்து எழுந்து உட்கார்ந்த இடமெல்லாம் சேலையில் குறுக்கே கோடு விழுகிறது. நூல் கொடுத்துச் சேலை வாங்குபவர் இரண்டு சேலையைத் திருப்பிவிட்டார். வலியைப் பார்ப்பதா, கூலியைப் பார்ப்பதா?
– வாசகர், வண்டியூர்

பதில்: இரண்டையும் பார்க்கலாம். எழுந்ததனால் கோடு விழவில்லை, தறியை விட்டுவிட்டுப் போன விதத்தால் விழுந்தது.

பருத்தி இழை இழுவையில் நின்றால் மெல்ல மெல்ல நீளும். நீங்கள் நெய்துகொண்டிருக்கும்வரை துணி நகர்ந்துகொண்டே இருப்பதால் அது தெரியாது. தறி நின்றுவிட்டால் இழை நீண்டு, கடைசி ஊடை நின்ற இடம் நூலளவு மாறிவிடும். திரும்பி வந்து அதே பழைய பலத்தில் அடித்தால், முதல் ஊடை நெருங்கியோ விலகியோ விழும். நெருங்கினால் தடித்த கோடு, விலகினால் வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் சன்னக் கோடு. வெள்ளைச் சேலையில் மறைந்தாலும் மறையும். ஒரே நிற உடல் என்றால் சாயம் போட்ட பாவு அதை நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

எழும்போது நான்கு காரியம் செய்யுங்கள். முதலில் இரண்டு மிதியிலிருந்தும் காலை எடுத்து, பாவின் வாயை, அதாவது மிதித்தால் பாவிழைகள் பிரிந்து திறக்கும் இடைவெளியை, மூடிவிடுங்கள். ஒரு மிதியைக் கல்லால் அழுத்தி வைத்துவிட்டுப் போகும் பழக்கம் சிலருக்கு உண்டு. அப்போது பாதி இழை அதிகம் நீளும், பாதி இழை நீளாது. அந்தக் கோடு எடுக்கவே வராது. இரண்டாவது, அச்சுப்பலகை துணியில் சாய்ந்து நிற்க வேண்டாம், பின்னால் தள்ளி ஒரு கயிற்றில் மாட்டுங்கள். மூன்றாவது, நாடா (ஊடையைக் கொண்டு ஓடும் கட்டை) பாதி வழியில் நிற்க வேண்டாம், பெட்டிக்குள் போய் நிற்கட்டும். நான்காவது, எவ்வளவு நேரம் என்று பாருங்கள். இரண்டு மூன்று நிமிடம் நடந்துவிட்டு வருவதற்கு இழுவையைத் தொட வேண்டாம். சாப்பாடு, கடைக்குப் போவது என்று கால் மணிக்கு மேல் ஆகும் என்றால் பாவின் இழுவையை ஒரு பல் தளர்த்துங்கள். ராத்திரி தறியை மூடும்போது நிச்சயம் தளர்த்த வேண்டும்.

திரும்பி உட்காரும்போது அவசரப்படாதீர்கள். இழுவையைப் பழையபடி ஏற்றி, உள்ளங்கையால் பாவைத் தட்டிப் பாருங்கள். அந்த விறைப்பு உங்கள் கைக்குத் தெரியும். பிறகு கடைசி இரண்டு ஊடையை, நீண்ட நேரம் நின்றிருந்தால் மூன்றை, எடுத்துவிடுங்கள். வெறும் வாயை இரண்டு முறை மாற்றி மிதித்து, அச்சை மெதுவாகக் கொண்டுவந்து துணி விளிம்பில் முட்டுகிறதா பாருங்கள். முட்டாமல் இடைவெளி இருந்தால் படமரத்தை (நெய்த துணி சுற்றும் உருளையை) கொஞ்சம் தளர்த்துங்கள். முதல் மூன்று நான்கு ஊடையை அரை பலத்தில் அடித்து, பிறகு வழக்கமான அடிக்கு வாருங்கள். ஒரு அங்குலம் நெய்ததும் இழை எண்ணும் கண்ணாடியை வைத்து எண்ணுங்கள். 70 ஊடை இருக்க வேண்டிய இடத்தில் 68 முதல் 72-க்குள் இருந்தால் கவலையில்லை.

இன்னொரு யோசனை. அரை மணி என்று கடிகாரத்தைப் பார்த்து எழ வேண்டாம், தாரை (நாடாவுக்குள் ஊடை நூல் சுற்றிய குச்சியை) பார்த்து எழுங்கள். எத்தனை தாருக்கு அரை மணி ஆகிறது என்று ஒரு நாள் கணக்குப் பார்த்துவிட்டால் போதும். தார் தீரும் இடத்தில் தறி எப்படியும் நிற்கத்தான் போகிறது. ஓய்வும் அங்கேயே இருக்கட்டும். கட்டம் போட்ட சேலை என்றால் நிறம் மாறும் இடத்தில் எழுங்கள், சின்னக் கோடு விழுந்தாலும் கட்டத்தின் ஓரத்தில் மறைந்துவிடும்.

பங்குனி, சித்திரையில் கோடு அதிகம் விழும். அந்த வறட்சியில் இழை விறைத்து அறுபடும், அறுந்தால் தறி நிற்கும், நின்றால் கோடு. குழியில் இரண்டு சொம்பு தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கைப் பாவுக்கு அடியில் போட்டு, காலை ஆறிலிருந்து பத்துக்குள் நெருக்கமான வேலையை முடித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் இதற்கு நேர்மாறு. கஞ்சி ஈரத்தை இழுத்து இழை ஒன்றோடொன்று ஒட்டும். அப்போது தண்ணீர் தெளித்தால் கெட்டது.

கேள்வி: குழியில் இறங்கி ஏறுவதே வேலையாக இருக்கிறது. உட்கார்ந்துவிட்டால் சமாளிக்கிறேன். இரண்டு முட்டியும் வலி. வயது 52. மேஜைத் தறிக்கு மாறிவிடலாமா?
– வாசகி, கைத்தறி நகர்

பதில்: அம்மா, மாறுவதற்கு முன் குழியை அளந்து பாருங்கள். பல வீடுகளில் அந்தக் குழி மாமனார் காலத்தில், அவர் காலுக்கு வெட்டியது. பலகையில் உட்கார்ந்து முட்டியின் உள்மடிப்பிலிருந்து குதிகால் வரை அளந்துகொள்ளுங்கள். 16 அங்குலம் என்றால், மிதி முழுவதும் கீழே போகும்போது அதன் மேல்புறம் உட்காரும் பலகையிலிருந்து 16, 17 அங்குல ஆழத்தில் நிற்க வேண்டும். 20 அங்குலத்துக்குப் போனால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து எட்டிப்பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு சேலைக்குப் பதினேழாயிரம் மிதி. முட்டி என்ன செய்யும்?

ஆழம் கூடுதலாக இருந்தால் மிதிக்கயிற்றைக் குறைக்கலாம், குழியின் அடியில் செங்கல் பாவி, மிதியைப் பொருத்தியிருக்கும் மூட்டுப் பகுதியையே உயர்த்தலாம். முட்டி இடுப்பைவிட மேலே ஏறி மடங்குகிறது என்றால், உட்காரும் பலகைக்கு அடியில் இரண்டு அங்குலக் கட்டை கொடுங்கள். பாவின் வாய் எவ்வளவு திறக்கிறது என்றும் பாருங்கள். நாடாவின் உயரம் ஒன்றேகால், ஒன்றரை அங்குலம்தான். அது உரசாமல் போகும் அளவுக்கு மேல் வாயைத் திறப்பதில் லாபம் இல்லை, காலுக்கும் பாரம், இழைக்கும் இழுவை. மிதி கனமாக இருந்தால் கயிற்றை மிதியின் மூட்டுப் பக்கமாக இரண்டு அங்குலம் நகர்த்திக் கட்டுங்கள். பாரம் குறையும். ஆனால் கால் போக வேண்டிய தூரம் சற்றுக் கூடும், அதனால் ஒரேயடியாக நகர்த்த வேண்டாம்.

இறங்கி ஏறுவதற்குக் குழியின் ஓரத்தில் எட்டு அங்குல உயரத்தில் ஒரு படி கட்டுங்கள். கை பிடித்து எழ, தறிக்காலோடு சேர்த்து ஒரு கட்டை. கொத்தனாருக்கு அரை நாள் வேலை. குழிக்குள் கயிற்றுமிதியடி போட்டால் ஈரம் ஏறாது. சர்க்கரை இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் தினம் ராத்திரி உள்ளங்காலைப் பாருங்கள், மிதியின் சிலாம்பு குத்தியது தெரியாமலே புண்ணாகிவிடும்.

இத்தனையும் செய்து மூன்று மாதம் பார்த்த பிறகும் வலி குறையவில்லை என்றால் மேஜைத் தறிக்கு மாறுங்கள். குழித்தறியில் கிடைக்கும் ஈரப்பதம் அதில் கிடைக்காது. வெயில் காலத்தில் இழை அதிகம் அறும் என்று தெரிந்தே மாறுங்கள். ஜக்கார்டு (உருவம் நெய்யப் பாவிழைகளைத் தூக்கும் பெட்டி) இருந்தால், அதைத் தூக்க மட்டும் மோட்டார் வைக்கும் கருவி இருக்கிறது. ஊடை போடுவதும் அடிப்பதும் உங்கள் கைதான். முட்டிக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. சங்கத்தில் உறுப்பினர் என்றால் உபகரண மானியம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: வீட்டுக்காரருக்கு 50 பிறக்கிறது. மோதிரம் வேண்டாம், சட்டை வேண்டாம் என்கிறார். தறிக்கு உதவுகிற மாதிரி என்ன வாங்கித் தரலாம்?
– வாசகி, பரமக்குடி

பதில்: துருப்பிடிக்காத எஃகில் ஒரு புது அச்சு. அவர் இப்போது எத்தனை நம்பர் அச்சில், எத்தனை அங்குல அகலத்தில் நெய்கிறார் என்று பழைய அச்சின் ஓரத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், இரண்டும் தவறக் கூடாது. பல் தேய்ந்த அச்சுதான் ஓர இழையை அறுக்கும், அதை மாற்றாமலே பல வருஷம் ஓட்டிவிடுவார்கள். அதோடு நல்ல மரத்தில் இரண்டு நாடா, எடை ஒன்றுபோல் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். எடை மாறினால் கை இழுக்கும் பலமும் மாற்ற வேண்டியிருக்கும், தோள் வலிக்கும். இன்னும் ஒன்று, அடுத்த பாவைப் பழைய பாவின் முனையோடு பிணைக்கும்போது கூலிக்கு ஒரு ஆள் வைத்துக்கொடுங்கள். நாலாயிரம் இழையைக் குனிந்தபடி ஒவ்வொன்றாக முறுக்கும் அந்த ஒரு நாள்தான் ஐம்பது வயதுக் கழுத்துக்கு மிகவும் கெட்ட நாள்.

கேள்வி: காலையில் எழுந்தால் விரல்கள் மரத்துப்போகின்றன. மோதிர விரல் மடங்கினால் ‘டக்’கென்று மாட்டிக்கொண்டு நிற்கிறது. நெசவால் வந்ததா?
– வாசகர், அவனியாபுரம்

பதில்: நாடாவை ஓட்டும் இழுப்புக் கயிற்றின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தே இழுப்பவர்களுக்கு இரண்டும் வரும். ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த விரல் மாட்டுவதும் தோள் இறுகுவதும் அதிகம். அதனால் முதலில் ரத்தத்தில் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைப் பாருங்கள். கைப்பிடி மெல்லியதாக இருந்தால் பழைய துணியைச் சுற்றி ஒன்றேகால் அங்குலத் தடிமன் ஆக்குங்கள். கயிற்றின் நீளம், முழங்கை விலாவை ஒட்டி இருக்கும்போதே கைப்பிடி கையில் கிடைக்கிற அளவு இருக்கட்டும். தோளுக்கு மேல் கை போகக் கூடாது. நாடா ஓடும் பலகையையும் பெட்டியையும் வாரம் ஒரு முறை துடைத்து மெழுகு தேயுங்கள். பாதி பலத்தில் நாடா போகும். மரத்துப்போவது ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு வந்துவிட்டால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். நரம்பு நெடுநாள் அழுந்தியே இருந்தால் கட்டைவிரல் பலம் குறையும். அப்புறம் இழை முடியவே வராது.

கேள்வி: 50-க்கு முன் சேர வேண்டிய காப்பீடு ஏதோ இருக்கிறதாமே?
– வாசகர், நிலையூர்

பதில்: ஆமாம், இதில் தேதி முக்கியம். பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் 18 முதல் 50 வயதுக்குள் சேர்ந்தால்தான் உண்டு. சேர்ந்தவர்கள் 55 வரை தொடரலாம். வருஷத்துக்கு 436 ரூபாய், வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுப்பார்கள். எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். சேர்ந்த முதல் 30 நாளில் விபத்து தவிர மற்ற இறப்புக்குக் கிடைக்காது. பிறந்தநாள் கழியட்டும் என்று இருக்க வேண்டாம், இந்த வாரமே வங்கிக்குப் போங்கள். விபத்துக்கான சுரக்‌ஷா காப்பீடு 70 வயது வரை, வருஷம் 20 ரூபாய். அடல் ஓய்வூதியத்துக்கு வாசல் 40 வயதோடு மூடிவிடும். உங்களுக்கு அது இல்லை, தறியில் இருக்கும் தம்பி, மகன் யாராவது 40-க்குள் இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள். கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்கு 60-க்கு மேல் முதியோர் ஓய்வூதியம் இருக்கிறது. ஆதாரில் உள்ள பிறந்த தேதியும் சங்கப் பதிவேட்டில் உள்ளதும் ஒன்றா என்று இப்போதே பார்த்துச் சரிசெய்துவிடுங்கள். அறுபதில் போய்த் திருத்துவது பெரும்பாடு.

கேள்வி: என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என் மகளுக்கு என் கையால் ஒரு பருத்திச் சேலை நெய்து கொடுக்க ஆசை. 80-க்கு 80 நூல் (பாவும் ஊடையும் 80-ஆம் நம்பர்), மூன்று அங்குல அரக்குக் கரை. முந்தியின் மூலையில் ‘50’ என்று சின்னதாக வர வேண்டும். கூலிக்கு நெய்தே பழக்கம், நூல் கணக்கு தெரியாது. விளக்கமாகச் சொல்லுங்கள்.
– வாசகர், செல்லூர்

பதில்: சொல்கிறோம், பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள்.

80-ஆம் நம்பர் என்றால் ஒரு ராத்தலுக்கு (பவுண்டுக்கு) 80 சிட்டம், ஒரு சிட்டத்தில் 840 கஜம். மீட்டரில் சொன்னால் ஒரு கிராமில் ஏறக்குறைய 135 மீட்டர் நூல். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் பெருக்கல்தான்.

80 நம்பர் அச்சில் இரண்டு அங்குலத்துக்கு 80 பல், பல்லுக்கு இரண்டு இழை போட்டால் அங்குலத்துக்கு 80 இழை. அச்சில் 50 அங்குலம் வைத்தால், நெய்த பிறகு சுருங்கி 48 அங்குலம் கிடைக்கும். ஆக 4,000 இழை. ரவிக்கையோடு சேலை 6.25 மீட்டர். நெய்யும்போது இழை மேலும் கீழும் வளைவதால் பாவு 6.6 மீட்டருக்கு மேல் போகும், பிணைப்பிலும் முடிவிலும் வீணாவது அரை மீட்டருக்கு மேல். 7.25 என்று வையுங்கள். 4,000 x 7.25 = 29,000 மீட்டர். அதை 135-ஆல் வகுத்தால் 215 கிராம். இது பாவு.

ஊடை அங்குலத்துக்கு 70. 6.25 மீட்டர் என்பது 246 அங்குலம். 246 x 70 = 17,220 ஊடை. ஒவ்வொன்றும் 50 அங்குலம், அதாவது 1.27 மீட்டர். மொத்தம் 21,870 மீட்டர், 162 கிராம். தார் சுற்றும் சேதாரத்தையும் சேர்த்துப் பாவுக்கும் ஊடைக்குமாக 400 கிராம் வாங்கினால் போதும்.

கரை இரு புறமும் மூன்று அங்குலம் என்றால் 480 இழை, பாவில் 26 கிராம். ஒரு சிட்டம் ஐந்தே முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவு, ஆக ஐந்து சிட்டம் வரும். ஆறாக வாங்குங்கள், ஒரே சாயப்பானையில் போட்டதாக. பிறகு ஒரு சிட்டம் குறைந்து மறுபடி வாங்கினால் நிறம் ஒத்துவராது. அரக்கு என்பதால் முன்னாலேயே நனைத்துப் பாருங்கள். ஈர நூலை வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்து, சாயம் ஏறினால் அந்த நூல் வேண்டாம். வெள்ளை உடலில் அது முதல் சலவையிலேயே இறங்கும்.

ஒரு சேலைக்காகத் தனிப் பாவு போடாதீர்கள், பிணைப்பில் போகும் நூல் வீண். ஐந்தாறு சேலைப் பாவாகப் போட்டு, இதை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ நெய்யுங்கள். முதல் சேலையில் பிணைத்த இடத்தின் இழுவை இன்னும் அமைந்திருக்காது. கடைசிச் சேலையில் பாவு குட்டையாகி வாய் சரியாகத் திறக்காது. நடுச் சேலைதான் நல்ல சேலை.

இனி எண். கட்டத்தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் குறுக்கே 5 கட்டம், உயரம் 7 கட்டம். ஒரு கட்டத்துக்கு 8 பாவிழை, 7 ஊடை என்று கணக்கு வையுங்கள். உங்கள் நெசவில் இரண்டும் ஒரு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு, கட்டம் சதுரமாகவே வரும். இரண்டு எண், நடுவே ஒரு கட்டம் இடைவெளி: 11 கட்டம், 88 இழை. ஒன்றேகால் அங்குலத்துக்குள் ‘50’ அடங்கிவிடும். கரையின் அரக்கு நூலையே மூன்று இழையாகச் சேர்த்து ஒரு சின்னக் குச்சியில் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு சாதா ஊடை, ஒரு புட்டா இழை (எண்ணை எழுதும் அந்த அரக்கு இழை) என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். ‘5’-இன் தலைக்கோடு 40 இழை நீளம். அத்தனையும் மிதந்தால் வளையல் மாட்டி இழுத்துவிடும். எட்டு இழைக்கு ஒரு முறை ஒரு பாவிழைக்கு அடியில் செருகி மேலே வாருங்கள்.

இதில் எல்லாரும் தவறும் இடம் ஒன்று உண்டு. சேலையின் மேல்புறம் கீழே பார்த்தபடி நெய்பவர் என்றால், எண்ணைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வரைந்துகொண்டு நெய்ய வேண்டும். நேராக நெய்துவிட்டால் மகள் கட்டும்போது ‘50’ இடம் வலம் மாறித் தெரியும். சந்தேகம் என்றால் தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் பின்புறமாகப் பாருங்கள்.

நிமிடத்துக்கு 45 ஊடை வீதம் 17,220 ஊடை ஆறரை மணி நேரக் கணக்கு. தார் மாற்ற, இழை முடிய, எண் போட என்று எல்லாம் சேர்த்து இரண்டு நாள் ஒதுக்குங்கள். அந்த இரண்டு நாளும் நீங்களே நெய்யுங்கள். இடையில் வேறு கை உட்கார்ந்தால் அடி மாறும், மாறிய இடம் துணியில் தெரியும்.

சுங்குடிப் புள்ளியும் வேண்டும் என்று பின்னால் ஆசை வந்தால், அறுத்த சேலையை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் கஞ்சி முழுக்கப் போக அலசி, காயவைத்து, அப்புறம் முடிச்சுப் போடக் கொடுங்கள். கஞ்சி இருந்தால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். சாயத்தில் போடும்போது அந்த ‘50’ இருக்கும் மூலையைத் தனியாகச் சுருட்டி, பிளாஸ்டிக் தாளால் மூடி இறுக்கக் கட்டச் சொல்லுங்கள்.